திரைக்குள் ஒரு வானம் – 9: ஜிப் ஃபைலில் வந்த போயிங்

2006 அக்டோபரில் மைக்ரோசாஃப்டின் 'ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ்' கடைக்கு வந்தது. ஸ்டாண்டர்ட் பெட்டி வாங்கியவர்களுக்கு 18 விமானங்கள், டீலக்ஸ் வாங்கியவர்களுக்கு 24. போயிங் 737-800 இருந்தது, 747-400 இருந்தது, ஏர்பஸ் ஏ321 இருந்தது. முந்தைய பதிப்பில் பறந்த போயிங் 777-ஐத் தேடியவர்கள்தான் ஏமாந்துபோனார்கள்.

ஏமாந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. போயிங் விமானங்களைக் கணினியில் வடித்துக் காசு வாங்காமல் கொடுத்துக்கொண்டிருந்த 'ப்ராஜெக்ட் ஓப்பன்ஸ்கை' போன்ற குழுக்கள் அப்போது சுறுசுறுப்பாக இருந்தன. அவர்கள் தரும் விமானம் பெரும்பாலும் ஒரு ஜிப் ஃபைலாகத்தான் வரும். தானே போய் உட்கார்ந்துகொள்ளும் இன்ஸ்டாலர் எல்லாம் எதிர்பார்க்கக் கூடாது. பிரித்து, உள்ளே இருப்பதைப் பார்த்து, உரிய இடத்தில் கையால் வைக்க வேண்டும்.

உரிய இடம் என்பது 'சிம்ஆப்ஜெக்ட்ஸ்' என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் 'ஏர்ப்ளேன்ஸ்'. 2003-இல் வந்த முந்தைய பதிப்பில் அதுவே 'ஏர்கிராஃப்ட்' என்ற பெயரில் வெளியிலேயே இருந்தது. ஒவ்வொரு விமானத்துக்கும் அங்கே தனி ஃபோல்டர். அதைத் திறந்தால் மாடல், பேனல், சவுண்ட், டெக்ஸ்சர் என்று மேலும் நான்கு. மாடலில் விமானத்தின் வடிவம், பேனலில் விமானி பார்க்கும் கருவிப் பலகை, சவுண்டில் இன்ஜின் இரைச்சல், டெக்ஸ்சரில் உடம்பின் மேல் போர்த்தும் வண்ணம். ஒரே விமானத்துக்கு ஏர் இந்தியா, எமிரேட்ஸ், சிங்கப்பூர் என்று பல சட்டைகள் மாட்ட முடிந்தது இந்தக் கடைசி ஃபோல்டரால்தான்.

இவற்றுக்கு வெளியே, சாதாரண நோட்பேடில் திறக்கக்கூடிய ஓர் எழுத்துக் கோப்பு இருக்கும். ஏர்கிராஃப்ட் டாட் சிஎஃப்ஜி என்பது அதன் பெயர். எடை, எரிபொருள், இறக்கையின் அளவு, இன்ஜின்களின் எண்ணிக்கை என எல்லாமே அதில் வரிவரியாக இருக்கும். புதிதாக ஒரு நிறுவனத்தின் வண்ணத்தைச் சேர்க்க வேண்டுமானால், டெக்ஸ்சர் ஃபோல்டரை உள்ளே வைத்துவிட்டு இந்தக் கோப்பில் ஒரு பத்தியும் எழுத வேண்டும். பத்தியின் தலையில் சதுர அடைப்புக்குறிக்குள் 'fltsim' என்ற சுருக்கச் சொல், ஒரு புள்ளி, ஓர் எண். எண் சுழியத்தில் தொடங்கி 1, 2, 3 என்று விடாமல் வர வேண்டும். நான்குக்குப் பிறகு ஆறு என்று எழுதிவிட்டால், ஆறும் அதற்குப் பின்னால் வருபவையும் பட்டியலில் தலைகாட்டாது. 'டைட்டில்' வரியில் இரண்டு விமானங்களுக்கு ஒரே பெயர் கொடுத்தாலும் ஒன்று காணாமல் போகும். எந்தப் பிழைச் செய்தியும் வராது என்பதுதான் எரிச்சல். விமானம் பட்டியலில் இருக்காது, அவ்வளவுதான்.

எண்ணெல்லாம் சரியாக இருந்து விமானம் வந்து நின்றாலும் ஊமையாக நிற்கலாம். பலர் தங்கள் விமானத்துக்குத் தனியாக ஒலி சேர்ப்பதில்லை. சவுண்ட் ஃபோல்டரில் 'அலியாஸ்' என்று ஒரே ஒரு வரி எழுதி, சிமுலேட்டருடன் வரும் ஏதோ ஒரு விமானத்தின் சத்தத்தைக் கடன் வாங்கிக்கொள்வார்கள். பழைய பதிப்பின் 777-ஐக் கைகாட்டிய விமானத்தைப் புதிய பதிப்பில் வைத்தால், கடன் கொடுக்க அங்கே 777 இல்லை. அந்த வரியை 747-400-க்குத் திருப்பிவிட்டால் இன்ஜின் உயிர் பெறும். கருவிகளின் கதையும் ஏறக்குறைய இதுதான். 'கேஜ்' எனப்படும் கருவிக் கோப்புகளில் சில, சிமுலேட்டரின் பொதுவான கேஜஸ் ஃபோல்டருக்குள் போக வேண்டியவை. மறந்தால் உயரமானி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை.

எல்லாவற்றையும்விடச் சுவாரசியமானது ஓடுபாதைக்கு மேலே மிதக்கும் விமானம். சில விமானங்கள் சக்கரம் தரையில் படாமல் அந்தரத்தில் நிற்கும், சில முழங்கால் வரை தாருக்குள் புதைந்திருக்கும். அதற்கும் மருந்து நோட்பேடில்தான். விமானத்தின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்று சொல்லும் எண்ணைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துச் சேமித்து, விமானத்தைத் திரும்ப ஏற்றிப் பார்க்க வேண்டும். இப்படி மாற்றி மாற்றிப் பார்த்தே ஈர்ப்பு மையம் என்றால் என்னவென்று புரிந்துகொண்டவர்கள் உண்டு.

விண்டோஸ் விஸ்டா வந்ததும் புதுத் தலைவலி. 'ப்ரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள் யாரும் எளிதில் எழுத முடியாதபடி அது பூட்டுப் போட்டது. நோட்பேடில் திருத்திச் சேமிக்கப் போனால் அனுமதி இல்லை என்று கையை விரித்தது. விவரம் தெரிந்தவர்கள் சிமுலேட்டரையே அங்கிருந்து கிளப்பி, சி அல்லது டி டிரைவில் தனியாக ஒரு ஃபோல்டரில் நிறுவிக்கொண்டார்கள்.

இத்தனை பாடு எதற்கு? 2009 ஜனவரியில் இந்த சிமுலேட்டரை உருவாக்கிய ஏசஸ் ஸ்டுடியோவை மைக்ரோசாஃப்ட் மூடிவிட்டது. கைவிடப்பட்ட மென்பொருள் இரண்டொரு வருடத்தில் மறக்கப்படுவதுதான் வழக்கம். இது மறக்கப்படவில்லை. 2012 பிப்ரவரி 29 அன்று அதே நிறுவனம் 'மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட்' என்ற புதிய விளையாட்டை வெளியிட்டது. ஹவாய் தீவு வரை இலவசம், காட்சியும் அழகு. ஆனால் வெளியார் செய்த விமானம் எதையும் அதில் வைக்க முடியாது. அந்த ஜூலையிலேயே அதன் வேலை நிறுத்தப்பட்டது. யாரும் கைவைக்கக் கூடாத அழகைவிட, நோட்பேடில் திறக்க முடிந்த பழசுதான் நிலைத்தது. 2014 டிசம்பரில் டவ்டெய்ல் கேம்ஸ் நிறுவனம் அந்தப் பழசையே ஸ்டீம் தளத்தில் மறுபடி விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இன்ஸ்டாலரே வசதி என்பவர்களுக்கு 2018 பிப்ரவரியில் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. ஃப்ளைட் சிம் லேப்ஸ் என்ற நிறுவனம் விற்ற ஏ320 விமானத்தின் இன்ஸ்டாலருக்குள், குரோம் உலாவியில் சேமித்த கடவுச்சொற்களைத் திருடக்கூடிய சிறு நிரல் ஒன்று பதுங்கியிருந்ததைப் பயனர்கள் கண்டுபிடித்தார்கள். திருட்டுப் பிரதி எடுப்பவரைப் பிடிக்கத்தான் வைத்தோம், காசு கொடுத்தவர்களை அது தொடாது என்றது நிறுவனம். பலத்த எதிர்ப்புக்குப் பிறகு அதை நீக்கியது. என்ன விளக்கம் சொன்னாலும், காசு கொடுத்து வாங்கியவர் வீட்டுக்குள் கள்ளச்சாவியைக் கொண்டுபோய் வைத்த வேலை அது.

2020 ஆகஸ்டில் பிரான்ஸின் அசோபோ ஸ்டுடியோ கையில் சிமுலேட்டர் மறுபிறவி எடுத்தபோது, கையால் வைக்கும் பழக்கமும் கூடவே வந்தது, வடிவம் மட்டும் மாறியது. இப்போது எல்லாம் 'கம்யூனிட்டி' என்ற ஒரே ஃபோல்டருக்குள். விமானத்தை அப்படியே கொண்டுபோய்ப் போட்டு, சிமுலேட்டரை மூடித் திறந்தால் போதும். வேண்டாமென்றால் ஃபோல்டரை அழித்துவிடலாம், மற்றவற்றுக்குச் சேதமில்லை. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் வாங்கியவர்களுக்கு அந்த ஃபோல்டர் 'ஆப்டேட்டா'வின் ஆழத்தில் மறைந்துகிடக்கும் என்பது மட்டும் சிறு தொல்லை.

ஒவ்வொரு தொகுப்பிலும் லேஅவுட் டாட் ஜேசன் என்ற கோப்பு உண்டு. உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஃபைலின் இடம், அளவு, தேதி அதில் பதிந்திருக்கும். கையால் ஒரு புது வண்ணத்தைச் சேர்த்துவிட்டு இதைப் புதுப்பிக்காமல் விட்டால், ரேஷன் கார்டில் பெயர் ஏறாத பிள்ளையின் கதிதான். வீட்டுக்குள்ளேயே இருந்தாலும் கணக்கில் கிடையாது. ஆயிரம் வரிகளைக் கையால் எழுத யாருக்குப் பொறுமை? அதற்கென்றே ஆர்வலர் ஒருவர் செய்த குட்டி நிரலின் மேல் கோப்பை இழுத்துப் போட்டால், பட்டியலை அது புதிதாக எழுதித் தந்துவிடும்.

இந்த கம்யூனிட்டி ஃபோல்டரை நம்பித்தான் 'ஃப்ளைபைவயர்' குழு அசோபோவின் ஏ320 நியோவை எடுத்து, நிஜ விமானத்துக்கு நெருக்கமாகத் திருத்தி, இலவசமாகக் கொடுத்தது. சம்பளமில்லாத அந்தக் கூட்டம் ஒரு விமானத்தை எப்படிப் பிரித்து மேய்ந்தது என்பது அடுத்த வாரம்.