நடுக்கத்தை எங்கே வைப்பது?

கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை மண்டி வைத்திருக்கும் குடும்பத்துப் பையன் ஒருவன் எனக்குப் பழக்கம். சென்னையில் வேலை. சேர்த்த காசில் இரண்டாம் கையாக ஒரு வேகக் கார் வாங்கினான். நாலு சிலிண்டர், டர்போ, பெட்ரோல். வாங்கிய புதிதில் ஊருக்கு ஓட்டிவந்தபோது ஏறி உட்கார்ந்தேன். இன்ஜின் ஓடுகிறதா இல்லையா என்று முள்ளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஒரு வருடம் கழித்து அதே காரில் ஏறினேன். டீக்கடை வாசலில் நின்றபடியே பின்பார்வைக் கண்ணாடி நடுங்கியது. டாஷ்போர்டில் அவன் அம்மா ஒட்டிவைத்த பிள்ளையார் கிடுகிடுவென்று ஆடினார். அடியில் யாரோ டப்பாவில் கோலிக்குண்டு போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம்.

“என்னடா இது?”

“டிரைவ்லைன் மொத்தமும் மாத்திட்டேண்ணா. லைட் ஃப்ளைவீல், ரேஸ் கிளட்ச், பாலியூரித்தேன் மவுண்ட், எல்.எஸ்.டி.”

“நல்லா இருக்கா?”

பதில் சொல்லாமல் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினான். அவலூர்ப்பேட்டை பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகும்போது, அம்மா இந்தக் காரில் ஏற மாட்டேன் என்று பஸ்ஸில் போனதை அப்புறம்தான் சொன்னான்.

காசு கொடுத்து வாங்கிய நல்ல சாமான்கள்தான் எல்லாம். எதுவும் உடையவில்லை, எதையும் தப்பாக மாட்டவில்லை. இருந்தும் கார் தகர டப்பா ஆகிவிட்டது. ஏன் என்று பார்க்கப் போனால், அமைதியான கார் என்பது எவ்வளவு தந்திரமான பொருள் என்று புரிகிறது.

முதலில் இன்ஜினைப் பார்ப்போம். அது மோட்டார் பம்பு மாதிரி ஒரே சீராகச் சுற்றுவது போலத் தோன்றும். உண்மையில் அது வரிசையான வெடிகள். நாலு சிலிண்டர், நாலு வீச்சு இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடி. நிமிடத்துக்கு 900 சுற்றில் சும்மா நிற்கிற வண்டியில் நொடிக்கு 30 வெடி. ஒவ்வொரு வெடிக்கும் கிராங்க் ஒரு தள்ளு வாங்கி முந்தும், அடுத்த வெடி வரும்வரை கொஞ்சம் பின்தங்கும். சுற்றுவதற்குள்ளேயே ஒரு விந்தி விந்தி நடக்கிற நடை இருக்கிறது.

புல்லட் பிரியர்களுக்கு இது நன்றாகவே தெரியும். ஒரே சிலிண்டர், 900 சுற்று என்றால் நொடிக்கு ஏழரை வெடிதான். நொடிக்கு இருபதுக்கும் குறைவாக வருகிற தட்டுகளை நம் காது ஒன்றாகக் குழைப்பதில்லை, தனித்தனியாக எண்ணுகிறது. அதனால்தான் அது நமக்கு ‘டப் டப்’ என்று தாளமாகக் கேட்கிறது. காரின் முப்பது குழைந்து உறுமலாகிவிடுகிறது. தாளத்தை ரசிக்கலாம், உறுமலோடு திண்டிவனம் வரைக்கும் உட்கார்ந்து வருவது வேறு சமாசாரம்.

இந்த விந்தல் நடையைச் சமன்செய்யத்தான் கிராங்கின் முனையில் கனமான ஃப்ளைவீல். முந்தும்போது பிடித்து இழுக்கும், பிந்தும்போது தள்ளிவிடும். எடையைக் குறைத்தால் ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் இன்ஜின் சீறும், பிக்கப் பிரமாதமாக இருப்பதாகத் தோன்றும். ஆனால் விந்தல் அப்படியே கியர்பாக்ஸுக்குப் போய்ச் சேரும். பையன் பழைய ஃப்ளைவீலைக் கோணியில் சுற்றி மண்டியில் போட்டிருந்தான். மல்லாட்டை மூட்டை நிறுக்கிற தராசிலேயே வைத்துப் பார்த்தோம். பழையது 12 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். புதியது 6 கிலோ என்று பெட்டியில் அச்சடித்திருந்தது.

பழையதைக் கையில் பிடித்துத் திருகினால் ஒரு அதிசயம். பாதி நிற்கிறது, பாதி திரும்புகிறது. இரண்டு இரும்புத் தட்டுகள். நடுவே கிரீஸில் ஊறிய நீளமான வளைந்த ஸ்பிரிங்குகள். ‘இரட்டைப் பொருண்மை ஃப்ளைவீல்’ என்று தமிழில் சொல்லலாம், மெக்கானிக்குகள் டி.எம்.எஃப். என்பார்கள். ஜெர்மனியின் லுக் நிறுவனம் 1980களின் நடுவில் இதைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. அதே நிறுவனத்தின் கிளட்ச் ஆலை நம் ஓசூரில் இருக்கிறது. கீழ்பென்னாத்தூர் வழியாகப் போகும் இந்தத் திண்டிவனம்–கிருஷ்ணகிரி சாலையிலேயே மேற்கே போய், கிருஷ்ணகிரியில் பெங்களூர் சாலையைப் பிடித்தால் ஓசூர் வந்துவிடும்.

இரண்டு தட்டும் நடுவே ஸ்பிரிங்கும் எதற்கு? ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஊஞ்சலுக்கும் தனக்கென்று ஒரு ஆட்டக் கணக்கு உண்டு. அந்தக் கணக்குக்குச் சரியாகத் தள்ளினால், சின்னப் பிள்ளை தள்ளினாலும் உத்திரம் வரை போகும். கணக்குத் தப்பித் தள்ளினால் பெரிய ஆள் தள்ளினாலும் ஆடாது. இன்ஜினிலிருந்து சக்கரம் வரை உள்ள இரும்புத் தொடரும் ஒரு முறுக்கு ஊஞ்சல்தான். சாதாரண ஒற்றை ஃப்ளைவீல் கொண்ட கார்களில் அந்த ஊஞ்சலுக்கான தள்ளு ஏறத்தாழ 1,200 முதல் 2,400 சுற்றுக்குள் எங்கோ வந்து விழும். கிரிவலப் பாதையில் கூட்டத்துக்கு நடுவே இரண்டாவது கியரில் 25 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால் இன்ஜின் சுமார் 1,500-இல் இருக்கும். அதாவது, நாம் அதிகம் புழங்குகிற இடத்திலேயே நடுக்கம் குடியிருக்கிறது.

அதை ஒழிக்க முடியாது. இதுதான் எனக்கு இந்த விஷயத்தில் பிடித்த பகுதி. வெடி இருக்கும்வரை நடுக்கம் இருக்கும். பொறியாளர்கள் செய்தது, அதை இடம்மாற்றி வைத்தது. ஸ்பிரிங்கை மிக மென்மையாக்கி, கியர்பாக்ஸ் பக்கம் ஒரு கனத்தையும் சேர்த்ததும், ஊஞ்சலின் கணக்கு ஐடிலுக்கும் கீழே, 300 சுற்றுப் பக்கம் இறங்கிவிட்டது. அங்கே எந்த இன்ஜினும் ஓடுவதில்லை. ஸ்டார்ட் செய்யும்போதும் அணைக்கும்போதும் மட்டும் ஒரு கண்ணிமைப்பு நேரம் அதைக் கடந்து போகும். நம் பையன் ஆறு கிலோ குறைத்தபோது ஒளித்துவைத்த நடுக்கத்தைத் தோண்டியெடுத்து நடுவீட்டில் வைத்துவிட்டான்.

கோலிக்குண்டுச் சத்தத்துக்கு வருவோம். கியர்பாக்ஸுக்குள் எல்லாப் பல்சக்கரமும் எப்போதும் கோர்த்தபடியே சுற்றும். நாம் போடுகிற ஒரு ஜோடி மட்டும் சுமை தாங்கும், மற்றவை வேலையில்லாமல் சும்மா சுழலும். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் சூட்டில் இறுகிவிடும். விந்தலோடு சுற்று வந்தால் சும்மா இருக்கிற பற்கள் அந்த இடைவெளியில் முன்னும் பின்னும் முட்டிக்கொள்ளும். பல் தந்தியடிப்பது என்பது இதுதான். கிளட்சை மிதித்துப் பாருங்கள், சத்தம் சட்டென்று நின்றுவிடும். மிதித்தால் நிற்கிறதே என்று பேரிங்கைச் சந்தேகப்பட்டு கியர்பாக்ஸை இறக்கிப் பணம் தண்டம் அழுதவர்கள் உண்டு. பையன் அந்த வகையில் தப்பித்தான்; ஊரில் ஒரு வயதான டிராக்டர் மெக்கானிக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, “பேரிங் நல்லா இருக்கு தம்பி, ஃப்ளைவீல்தான் லேசாயிருக்கு” என்றார்.

மவுண்டிங் கதை இன்னும் சுவை. வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு கல்லை ரப்பர் பேண்டில் கட்டித் தொங்கவிடுங்கள். கையை மெதுவாக ஏற்றி இறக்கினால் கல்லும் கூடவே வரும். கொஞ்சம் வேகம் கூட்டினால் ஒரு கட்டத்தில் கல் கையைவிடப் பெரிதாகத் துள்ளும். இன்னும் வேகமாக ஆட்டினால் கல் ஏறக்குறைய அசையாமல் நின்றுவிடும், கை மட்டும் ஆடும். இன்ஜினைத் தாங்கும் ரப்பர் இந்த மூன்றாம் நிலையில்தான் வேலை செய்கிறது.

கணக்குப் போட்டால் திகைப்பாக இருக்கும். ரப்பர் மேல் உட்கார்ந்த இன்ஜின் தானாக நொடிக்கு 10 முறை ஆடும் என்று வைத்துக்கொள்வோம். ஐடிலில் வருவது நொடிக்கு 30. மூன்று மடங்கு. அப்போது உடம்புக்குக் கடந்து வருவது எட்டில் ஒரு பங்கு விசைதான். ரப்பரை எடுத்துவிட்டு நாலு மடங்கு விறைப்பான பாலியூரித்தேனைப் போட்டால் தானாக ஆடும் வேகம் இரட்டித்து 20 ஆகும். இப்போது கடந்து வருவது ஐந்தில் நாலு பங்கு! நாலு மடங்கு விறைப்புக்கு ஆறு மடங்குக்கும் மேல் நடுக்கம். ஒன்பது மடங்கு விறைத்தால் 30-ம் 30-ம் ஒன்றோடொன்று பொருந்திவிடும்; அப்புறம் பிள்ளையார் குதித்தே இறங்கிவிடுவார்.

இன்ஜினை ரப்பரில் தொங்கவிடலாம் என்பதே ஒரு காலத்தில் பெரிய செய்தி. 1931-இல் அமெரிக்காவில் பிளிமத் கார் நாலு சிலிண்டர் இன்ஜினை அதன் எடைமையம் வழியாகப் போகும் அச்சில் ரப்பர் வைத்துத் தொங்கவிட்டு, ‘மிதக்கும் விசை’ என்று பெயரிட்டு விற்றது. பிரான்சின் சித்ரோயன் அதற்கு உரிமம் வாங்கி, கார் முகப்பில் ஓர் அன்னப்பறவையைப் பொறித்தது. தண்ணீரில் அன்னம் நகர்கிற மாதிரி என்று பொருள். இன்றைக்கும் மவுண்டிங்குக்கு இயற்கை ரப்பருக்குத்தான் மவுசு. கோடிக்கணக்கான முறை நசுங்கி விரிந்தாலும் சீக்கிரம் விரிசல் விடாது. கன்னியாகுமரி மாவட்டத்து மரத்துப் பால் சங்கதி, லேசில் தோற்காது.

நெடுஞ்சாலையில் வேறொரு தொல்லை. ஐந்தாவது கியரில் 90-ஐ நெருங்கும்போது காருக்குள் ‘ம்ம்ம்’ என்று ஒரு குடத்து ஒலி எழுந்து காதை அடைத்தது. கார் உள்ளறையே ஒரு குடம்தான். முன்கண்ணாடிக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவே ஏறத்தாழ 2.2 மீட்டர் காற்று. அந்த நீளத்துக்கு ஒலி நொடிக்கு 80 முறை பக்கம் எதிரொலித்து நிலைக்கும். நிமிடத்துக்கு 2,400 சுற்று ஓடும் நாலு சிலிண்டரின் வெடியும் நொடிக்குச் சரியாக 80! ரப்பர் இருந்தபோது அந்த எண்பது உள்ளே வரவே இல்லை. பையன் போனில் டெசிபல் பார்க்கிற செயலியை வைத்துக் காட்டினான்: “முன்னைக்கு இப்ப ரொம்ப ஏறலண்ணா.” ஏறாதுதான். வழக்கமாக அளக்கும் ‘ஏ’ அளவீடு, அடித்தொண்டை ஒலிகளை நம் காது குறைவாகக் கேட்கும் என்று சொல்லி, 80 அதிர்வுக்கு இருபது டெசிபலுக்கும் மேல் தள்ளுபடி செய்துவிடும். செயலி தள்ளுபடி செய்ததை மண்டை தள்ளுபடி செய்யவில்லை.

எல்.எஸ்.டி. எனும் ‘லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலை’ச் சுருக்கமாகச் சொல்கிறேன். வளைவில் வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். சாதாரண டிஃபரன்ஷியல் அதற்கு விட்டுக்கொடுக்கும். எல்.எஸ்.டி. தகடுகளை அழுத்தி இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும். மாட வீதி முனையில் மெதுவாகத் திரும்பும்போது தகடு பிடிப்பதும் நழுவுவதுமாக ‘கடக் கடக்’ என்று அடிக்கும். வயலின் வில் கம்பியில் செய்வதும் இதே வேலைதான், இங்கே இனிமை மட்டும் கிடையாது. அதே முனையில் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் தேர் திரும்புவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு பக்கச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டு, மறுபக்கத்தை ஓடவிட்டுத் திருப்புவார்கள். அங்கே நூறு பேர் கத்துவதில் எந்தக் கடகடப்பும் கேட்காது.

இந்தச் சாமான்கள் பிறந்த இடம் பந்தயக்களம். சோழவரத்து இரண்டாம் உலகப்போர் கால விமான ஓடுதளத்தில் சென்னைக்காரர்கள் கார் ஓட்டிய நாளிலிருந்து, பின்னால் வந்த இருங்காட்டுக்கோட்டைத் தடம் வரை, வேகத்துக்கு முன் காது ஒரு பொருட்டல்ல. கோவை கரிவர்தன் மாருதி 800 இன்ஜினை வைத்து உருவாக்கிய ‘ஃபார்முலா மாருதி’யில்தான் நரேன் கார்த்திகேயனும் தொடங்கினார். ஒற்றை இருக்கை, தலையில் ஹெல்மெட், அரைமணிக்குள் முடிகிற ஓட்டம். பந்தய கியர்பாக்ஸுக்கு நேர்ப்பல் சக்கரம் போடுவார்கள். அதன் ஓலம் எப்படி என்று அறிய பந்தயத்துக்குப் போக வேண்டாம். நிறைய கார்களில் ரிவர்ஸ் கியர் மட்டும் நேர்ப்பல். பின்னால் எடுக்கும்போது ஊளையிடுகிறதே, அதுதான். மற்ற கியர்களில் பல் சாய்வாக வெட்டியிருப்பதால் ஒரு பல் விலகுமுன் அடுத்தது மெல்லத் தோள் கொடுக்கிறது. சாய்வுக்கு விலை உண்டு: தண்டைப் பக்கவாட்டில் தள்ளும். இரண்டு எதிரெதிர்ச் சாய்வை ஒட்டவைத்தால் அந்தத் தள்ளும் அடங்கும். கார் செய்ய வருமுன் ஆந்த்ரே சித்ரோயன் அப்படிப்பட்ட பல்சக்கரங்களைத்தான் செய்து விற்றார். அந்தக் கார்களின் சின்னத்தில் இருக்கிற இரண்டு கவிழ்ந்த கோணங்கள் அந்தப் பற்களே.

என் தாத்தா வண்டி மையை விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்துத் தானே செய்வார். மை வற்றினால் அச்சு கத்தும். கத்துகிற வண்டியை ஓட்டிப்போவது ஊருக்குள் மானக்கேடு. கார் பிரியர்களுக்கு நடுவே அந்த மானம் தலைகீழாகிவிட்டது என்று அடிக்கடி நினைப்பேன். ‘லேசு, விறைப்பு, நேரடி’ என்பதெல்லாம் புகழ்ச்சி. ரப்பரும் எடையும் ஏதோ கம்பெனிக்காரன் செய்த சோம்பேறித்தனம்.

தை மாதம் பையன் காரைத் திரும்பக் கொண்டுவந்தான். கோணியில் இருந்த ஃப்ளைவீலும் புது ரப்பர் மவுண்டிங்கும் ஏறியாகிவிட்டது. எல்.எஸ்.டி.யை மட்டும் கழற்ற மனசு வரவில்லையாம். மண்டி வாசலில் நிறுத்தினான். பிள்ளையார் அசையவில்லை. அம்மா பின்சீட்டில் இருந்து இறங்கினார்.

“இப்ப அணைக்கிறேன், கையை டாஷ்போர்டில் வைங்கண்ணா” என்றான்.

வைத்தேன். இன்ஜின் நின்றது. நிற்கிற கடைசி நொடியில், முந்நூறைத் தாண்டிக் கீழே இறங்கும்போது, உள்ளங்கைக்கடியில் ஒரே ஒரு குலுக்கல்.