வெயிலும் வட்டியும்

2017 பிப்ரவரி 9. மத்தியப் பிரதேசத்தின் ரேவா மாவட்டத்தில் அமையவிருந்த 750 மெகாவாட் சூரிய மின் பூங்காவுக்கு இணையத்தில் ஏலம் தொடங்கியது. ஊரில் நாம் பார்க்கும் ஏலத்தில் விலை ஏறும், இதில் இறங்கும். ஒரு யூனிட்டை யார் ஆகக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறாரோ, அவருக்கே ஒப்பந்தம். இதற்குத் தலைகீழ் ஏலம் என்று பெயர். நேரம் முடியப்போகிறது என்னும்போது ஒருவர் விலையைக் கொஞ்சம் குறைத்தால், கடிகாரம் இன்னும் சில நிமிடங்கள் நீளும். அப்படி நீண்டு நீண்டு, விடிய விடிய நடந்து, 33 மணி நேரம் கழித்துத்தான் ஓய்ந்தது. அப்போது திரையில் நின்ற விலை, முதலாண்டுக்கு யூனிட் 2 ரூபாய் 97 காசு.

2010-இல், தேசிய சூரிய மின் இயக்கத்தின் முதல் ஏலத்தில் சராசரி விலை 12 ரூபாய் 16 காசு. அதையே அன்று மலிவு என்றார்கள். ஏனென்றால் மத்திய மின் ஒழுங்குமுறை ஆணையம் கணக்குப் போட்டு வைத்திருந்த விலை 17 ரூபாய் 91 காசு. சரி, அது பழைய கதை. ரேவாவுக்குப் பதின்மூன்றே மாதம் முன்பு, 2016 ஜனவரியில், ராஜஸ்தானில் சாதனை விலையாகப் பேசப்பட்டது 4.34. பதின்மூன்று மாதத்தில் 4.34 எப்படி 2.97 ஆகும்? பேனல் விலை சரிந்தது உண்மை. ஆனால் இன்னொரு காரணம் கூரைமேல் இல்லை, காகிதத்தில் இருக்கிறது.

சூரிய மின்நிலையம் ஒரு விசித்திரமான ஓட்டல். சாதாரண ஓட்டல்காரர் அன்றன்றைக்கு மார்க்கெட்டுக்குப் போய்க் காய்கறி வாங்குவார். அனல்மின் நிலையமும் அப்படித்தான்; எரிக்க எரிக்க நிலக்கரி வாங்கும். சூரிய நிலையமோ கடை திறக்கும் முதல் நாளே இருபத்தைந்து வருடத்துக்கான சரக்கையும் மொத்தமாக வாங்கி அடுக்கிவிடுகிறது. அதுவும் கடன் வாங்கி. பிறகு செலவென்று பெரிதாக எதுவும் இல்லை. பேனலைத் துடைக்க ஆள், காவலுக்கு ஆள், எப்போதாவது ஒரு இன்வெர்ட்டர். வெயில் இனாம். ஆகவே இந்தத் தொழிலின் உண்மையான மூலப்பொருள் வெயில் அல்ல, வட்டி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மெகாவாட் நிலையம் கட்ட 4 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நல்ல வெயில் உள்ள இடத்தில் அது வருடத்துக்கு ஏறத்தாழ 16.5 லட்சம் யூனிட் தரும். மொத்தப் பணத்தையும் 8 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கி, 25 வருடத் தவணையில் அடைத்தால், வருடத் தவணை சுமார் 37.5 லட்சம். யூனிட்டுக்கு 2 ரூபாய் 27 காசு. வட்டி 12 சதவீதமானால் வருடத் தவணை 51 லட்சம். யூனிட்டுக்கு 3 ரூபாய் 9 காசு. அதே பேனல், அதே வெயில், அதே நிலம். நடுவில் இருக்கும் 82 காசும் வட்டிக்காரரின் பயம்.

அவர் எதற்குப் பயப்படுகிறார்? நாளைக்குச் சூரியன் உதிக்காமல் போய்விடும் என்றா? இல்லை. மின்சாரத்தை வாங்கும் மின்வாரியம் பணத்தை மாதக்கணக்கில் இழுத்தடிக்குமோ, விலை அதிகம் என்று பாதியில் கைவிரித்துவிடுமோ, கம்பி போடாமல் விட்டு உற்பத்தியை வீணடிக்குமோ என்றுதான். உலகம் முழுக்க சூரிய மின்சாரத்துக்காக எழுதப்பட்ட சட்டங்களும் ஒப்பந்தங்களும் இந்தப் பயத்தை யார் தலையில் வைப்பது என்ற ஒரே கேள்விக்கு ஊருக்கொரு விதமாகச் சொன்ன பதில்கள்.

முதல் பெரிய பதில் ஜெர்மனியில் பிறந்தது, அதுவும் தலைநகரில் அல்ல, சிறிய ஊர்களில். ஹாம்மெல்பர்க், ஃப்ரைசிங், ஆகன். 1990-களின் நடுவில் ஆகன் நகரம், கூரையில் சூரிய மின்சாரம் தயாரித்தால் யூனிட்டுக்கு 2 மார்க் வீதம் 20 ஆண்டு தருகிறோம் என்றது. 2000 ஏப்ரலில் அந்த யோசனை நாட்டுச் சட்டமானது. விலை யூனிட்டுக்கு 99 ஃபென்னிக், அதாவது சுமார் 50 யூரோ சென்ட். அந்தச் சமயத்தில் ஜெர்மன் குடும்பம் மின்சாரத்துக்குக் கொடுத்த விலை 14 சென்ட் அளவு. கடையில் லிட்டர் 14 ரூபாய்க்குப் பால் கிடைக்கும் ஊரில், வீட்டில் மாடு கட்டிக் கறந்தால் 50 ரூபாய்க்கு வாங்கிக்கொள்கிறேன், இருபது வருஷம் வாங்குவேன் என்று அரசாங்கம் எழுதிக் கொடுத்தால் ஊரில் மாடில்லாத வீடு இருக்குமா? இதைத்தான் நிலைவிலைக் கொள்முதல் என்கிறோம். வங்கிக்காரர் அந்தச் சட்டத்தைப் படித்தார், பயம் தெளிந்தது, கடன் கொடுத்தார். ஒரு கிலோவாட் பேனல் வருடத்துக்குச் சுமார் 1,000 யூனிட்தான் தரும் மேகமூட்ட நாட்டில், 2010, 2011, 2012 மூன்று வருடமும் ஆண்டுக்கு 7,000 மெகாவாட்டுக்கு மேல் ஏறியது. ராமநாதபுரத்தில் அதே கிலோவாட் 1,500-க்கு மேல் தரும்.

அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த நுணுக்கம் வேறு. புதிதாகச் சேர்பவர்களுக்கான விலையை வருடா வருடம் 5 சதவீதம் குறைத்துக்கொண்டே வந்தார்கள். இந்த வருஷம் மாட்டியவருக்கு இருபது வருடமும் இந்த வருட விலை. அடுத்த வருஷம் மாட்டுபவருக்குக் கொஞ்சம் குறைவு. அதனால் வாங்குபவர் அவசரப்பட்டார், தயாரிப்பவர் செலவைக் குறைக்க ஓடினார். ஜெர்மனியின் இந்தப் பசியை நம்பிச் சீனாவில் ஆலைகள் எழுந்தன. பேனல் விலை சட்டம் எதிர்பார்த்ததைவிட வேகமாக விழுந்தது. செலவு மட்டும் ஜெர்மன் வீட்டுக்காரரின் பில்லில் போய் உட்கார்ந்தது: 2014-இல் யூனிட்டுக்கு 6.24 சென்ட் கூடுதல் தீர்வை. இன்று உலகம் வாங்கும் மலிவான பேனலுக்கு ஒரு பங்கு முன்பணம் கட்டியவர்கள் அந்த ஜெர்மன் குடும்பங்கள்தான் என்று நான் நினைக்கிறேன்.

விலையை அரசே முடிவு செய்வதில் ஒரு கண்ணி உண்டு. ஸ்பெயின் 2007-இல் யூனிட்டுக்கு 44 சென்ட் என்று அறிவித்து, 400 மெகாவாட் வரும் என்று காத்திருந்தது. 2008 ஒரே வருடத்தில் 2,500 மெகாவாட்டுக்கும் மேல் வந்து இறங்கியது. சில சூரிய நிலையங்கள் நள்ளிரவிலும் மின்சாரம் விற்றதாகக் கணக்கு வந்தது என்று 2010-இல் ஸ்பானியப் பத்திரிகைகள் எழுதின; டீசல் ஜெனரேட்டரை ஓட்டி வெயில் விலை வாங்கினார்களோ என்ற சந்தேகம். பிறகு அரசு ஏற்கெனவே கொடுத்த வாக்கிலேயே கை வைத்தது. முதலீட்டாளர்கள் சர்வதேச நடுவர் மன்றங்களுக்குப் போனார்கள். வட்டிக்காரரின் பயம் ஒரே வீச்சில் திரும்பி வந்தது.

சரியான விலை எது என்று அரசுக்குத் தெரியாதபோது, தெரிந்தவர்களையே போட்டியிட்டுச் சொல்லவைக்கலாமே? இதுதான் ஏலத்தின் தந்திரம். இந்தியா 2010-இல் இதைத் தொடங்கியபோது இன்னொரு குறும்பும் சேர்ந்திருந்தது. 12 ரூபாய் மின்சாரத்தை எந்த மாநில வாரியம் வாங்கும்? அதனால் ஒரு மெகாவாட் சூரிய மின்சாரத்தோடு ஒரு மெகாவாட் அனல் மின்சாரத்தையும் கட்டிக் கொடுத்தார்கள். அனல் நிலையம் இரவும் பகலும் ஓடும், சூரியன் பகலில் சில மணி நேரம்தான். எனவே யூனிட் கணக்கில் ஒன்றுக்கு நான்கு. நிலக்கரி யூனிட் இரண்டரை ரூபாய் என்று வைத்தால், ஐந்து யூனிட்டும் சேர்ந்து 22 ரூபாய்ச் சொச்சம். கலவை யூனிட் நாலரை ரூபாய்க்குள் அடங்கிவிடும். பால்காரர் செய்தால் கலப்படம், அரசு செய்தால் கொள்கை!

ஏலம் விலையைக் கண்டுபிடிக்கும். பயத்தைப் போக்காது. ரேவாவின் கெட்டிக்காரத்தனம் அங்கேதான். நிலத்தை அரசு நிறுவனமே தேடித் தந்தது. மின்கம்பியையும் இழுத்து வைத்தது. குடிவருபவர் பெட்டி படுக்கையோடு வந்தால் போதும் என்பதுபோல. அடுத்து, பணத்துக்கு மூன்று அடுக்குப் பாதுகாப்பு. மின்வாரியம் மாதப் பணம் தராவிட்டால் வங்கியின் கடன் உறுதிக் கடிதம் தரும். அதுவும் தீர்ந்தால் இதற்கென்றே ஒதுக்கிய நிதி தரும். அதுவும் தீர்ந்தால் மாநில அரசின் உத்தரவாதம். கம்பியில் கோளாறு வந்து மின்சாரத்தை எடுத்துக்கொள்ள முடியாமல் போனாலும், எடுத்ததாகவே பாவித்து ஈடு தருவோம் என்று ஒரு ஷரத்து. உற்பத்தியில் ஏறக்குறைய கால் பங்கை வாங்கிக்கொள்ள முன்வந்தது யார் தெரியுமா? பல நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தில்லி மெட்ரோ ரயில். இத்தனையும் ஏலத்துக்கு முன்பே காகிதத்தில் ஏறிவிட்டன. பயத்தை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆளை நியமித்த பிறகுதான் திரையில் விலை இறங்க ஆரம்பித்தது. மூன்று மாதம் கழித்து ராஜஸ்தானின் பட்லாவில் அது 2.44-ஐத் தொட்டது.

விலை விழுவதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் திறக்கப்பட்ட 648 மெகாவாட் நிலையத்துக்குத் தமிழ்நாடு மின் ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்த விலை யூனிட் 7 ரூபாய் 1 காசு, 25 ஆண்டுக்கு. மறு வருடமே தமிழ்நாட்டு ஏலத்தில் விலை 3.47. பக்கத்து வயல்காரர் பாதி விலைக்குக் கொடுக்கும்போது பழைய ஒப்பந்தத்தைப் பார்த்தால் யாருக்கும் கை அரிக்கும். ஆந்திராவில் 2019-இல் வந்த புதிய அரசு பழைய விலைகளைக் குறைக்க முயன்றது. 2022-இல் உயர் நீதிமன்றம் ஒப்பந்தப்படியே கொடுக்கச் சொன்னது. விலை கூடிப்போன ஒப்பந்தத்தையும் மதிக்கிறார்களா என்று பார்த்துத்தான் அடுத்த ஒப்பந்தத்தின் வட்டியை வங்கி முடிவு செய்கிறது.

பிரிட்டனின் வழி இரண்டு பக்கமும் கூர்மையான கத்தி. அதை வித்தியாச ஒப்பந்தம் எனலாம். விலை ஒன்றைப் பேசி முடித்துக்கொள்வார்கள். சந்தை விலை அதற்குக் கீழே போனால் குறைந்ததை நிலையத்துக்குத் தருவார்கள். மேலே போனால் அதிகத்தை நிலையம் திருப்பித் தர வேண்டும். 2022-இல் எரிவாயு விலை வானத்துக்குப் போனபோது நிலையங்கள் உண்மையாகவே பணத்தைத் திருப்பிக் கட்டின.

இத்தனை வழக்கறிஞர் வேலைக்கும் நடுவே, யாருமே எழுதாத ஒரு ஒப்பந்தமும் உண்டு. 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஸ்டீவன் ஸ்ட்ராங் என்ற கட்டடக் கலைஞர் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் பேனல்களை மாட்டி மின்கம்பியோடு இணைத்தார். அந்தக் காலத்து மீட்டரில் ஒரு அலுமினியத் தட்டு சுழலும். உள்ளே மின்சாரம் வந்தால் ஒரு பக்கம். வெளியே போனால் அதே தட்டு மறுபக்கம். நல்ல வெயிலில் மீட்டர் பின்னோக்கி ஓடியது! கொடுத்ததைக் கழித்துக்கொண்டு மிச்சத்துக்குப் பணம் கட்டும் நெட் மீட்டரிங் முறை இந்த இயற்பியல் விபத்திலிருந்து முளைத்தது. இன்று நம் வீட்டுச் சுவரில் அதற்குப் பதில் இருவழி மீட்டர். வாங்கியது ஒரு எண், கொடுத்தது ஒரு எண் என்று திரையில் மாறி மாறி வரும். மூன்று கிலோவாட் கூரை நாளைக்குச் சுமார் 12 யூனிட், இரண்டு மாதத்தில் 720 யூனிட் தரும். தமிழ்நாட்டு ஈ.பி. பில்லில் முதல் 100 யூனிட் இலவசம், போகப் போக விலை கூடும், 500-ஐத் தாண்டினால் விலைப்பட்டியலே மாறும். கூரை மின்சாரம் கழிப்பது அந்த உச்சிப் படியிலிருந்து. ஆக, கூரையில் ஒரு யூனிட்டின் மதிப்பு பேனலில் இல்லை, அந்த வீட்டின் பில்லில் இருக்கிறது. நிறைய மின்சாரம் செலவழிக்கும் வீட்டுக்கு அது லாபம். 100 யூனிட்டுக்குள் முடிக்கும் வீட்டுக்கு ஒன்றும் இல்லை.

அந்த வீட்டுக்கும் கீழே, கம்பியே போகாத வீடு இருக்கிறதே? கென்யாவில் 2010-களில் எம்-கோப்பா நிறுவனம் அதற்கொரு வழி கண்டது. ஒரு சின்ன பேனல், மூன்று எல்.இ.டி. விளக்கு, போன் சார்ஜர், வானொலி. சுமார் 3,000 ஷில்லிங் முன்பணம். பிறகு ஓராண்டுக்கு நாளொன்றுக்கு 50 ஷில்லிங், கைப்பேசிப் பணத்தில். மண்ணெண்ணெய்க்குப் போன காசு இங்கே வருகிறது. பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு. பணம் வந்தால் விளக்கு எரியும், வராவிட்டால் பெட்டி பூட்டிக்கொள்ளும், மறுபடி கட்டினால் திறக்கும். நிலப் பத்திரமோ சம்பளச் சீட்டோ இல்லாதவருக்கு யார் கடன் கொடுப்பது என்ற பயத்தை ஒரு சில்லு வாங்கிக்கொண்டது. வசூலுக்கு வாசலில் ஆள் வந்து நிற்பதில்லை.

இப்போது ஒப்பந்தங்களுக்குப் புதிய தலைவலி வந்திருக்கிறது. நண்பகலில் எல்லாப் பேனலும் ஒரே நேரத்தில் மின்சாரம் கொட்டுகின்றன. வீட்டில் எல்லோரும் விளக்கும் மின்விசிறியும் போடும்போது சூரியன் இல்லை. கலிஃபோர்னியா 2023 ஏப்ரலிலிருந்து புதிய கூரைகள் வெளியே அனுப்பும் யூனிட்டின் மதிப்பைச் சுமார் முக்கால் பங்கு வெட்டிவிட்டது. இந்தியாவோ 2020 ஜனவரியில் ஒப்பந்தத்துக்குள் ஒரு கடிகாரத்தையே மாட்டிப் பார்த்தது. 1,200 மெகாவாட்டுக்கு நடந்த அந்த ஏலத்தில் சாதாரண நேரத்து யூனிட்டுக்கு முன்பே நிர்ணயித்த விலை 2.88, போட்டியெல்லாம் உச்ச நேரத்து யூனிட்டுக்குத்தான். அதில் வந்த குறைந்த விலை 6 ரூபாய் 12 காசு. ஒரே நிலையம், ஒரே நாள், இரண்டு விலை. அந்த இரண்டாவது விலையை வாங்க வேண்டுமானால் மதிய மின்சாரத்தை எங்காவது பத்திரப்படுத்த வேண்டும்: பேட்டரியில், அல்லது மலைமேல் தண்ணீராக. கோவை மாவட்டம் கடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் 1980-களிலிருந்து இதைச் செய்துவருகிறது: உபரி மின்சாரத்தில் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுப்பது. அதைக் கட்டிய காலத்தில் உபரி என்றால் ஊர் தூங்கும் நேரம். இனி அங்கே தண்ணீர் ஏற வேண்டிய நேரம் உச்சி வெயில்.