மேடைச் சமையலறையில் ஒரு காம்ப்ளான் டப்பா

அயர்லாந்தின் மேற்குக் கரையில், அட்லாண்டிக் காற்று குடையைத் திருப்பிப் போடுகிற ஊர் கால்வே. அங்கே ட்ரூயிட் லேன் என்றொரு சந்து. சந்துக்குள், பழைய கிடங்கு ஒன்றில் ஒரு குட்டித் தியேட்டர். நூறு பேர் வந்தாலே நிறைந்துவிடும். முன்வரிசையில் உட்கார்ந்தால் நடிகர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும்!

கேரி ஹைன்ஸ், மேரி முல்லன், மிக் லாலி மூவரும் 1975-ல் தொடங்கிய ட்ரூயிட் குழுவின் வீடு இது. பெயரைப் பார்த்துக் கேரியை ஆண் என்று நினைத்துவிடாதீர்கள். நாடக இயக்கத்துக்காக டோனி விருது வாங்கிய முதல் பெண் அவர்தான், ஆண்டு 1998. நாடகம், மார்ட்டின் மக்டோனாவின் 'த பியூட்டி குயின் ஆஃப் லீனான்'. முதல் ஆட்டம் 1996-ல் இதே ஊரில்.

வாருங்கள், சைடு விங்கில் நின்று எட்டிப் பார்ப்போம். மேடையில் ஒரு கிராமத்துச் சமையலறை. நாற்காலியில் ஆடிக்கொண்டே அம்மா கேட்பது என்ன தெரியுமா? காம்ப்ளான்! நம் வீட்டு அலமாரியில் இருந்த அதே காம்ப்ளான்தான். கட்டி தட்டினால் அவளுக்கு ஆகாது. மகளோ சரியாகக் கலக்கவே மாட்டாள். ஆக, கட்டி கட்டியாகக் கலப்பதும் இங்கே நாடகக் கலை. இன்னொரு காட்சியில் ஒரு கடிதம் அடுப்பில் எரிகிறது. எரிந்தது எரிந்ததுதானே? அடுத்த ஆட்டத்துக்கு ப்ராப்பர்ட்டி பார்ப்பவர் இன்னொரு கடிதம் தயாராக வைத்திருக்க வேண்டும். எத்தனை ஆட்டமோ அத்தனை கடிதம்!

எனக்குப் புல்லரிப்பது இதற்குத்தான்: முதலில் மகளாக நடித்து டோனி வாங்கிய மேரி முல்லன், 2016-ல் அதே நாடகத்தில் அம்மாவாக வந்தார். எந்த அம்மாவோடு மல்லுக்கட்டினாரோ, அந்த அம்மாவின் நாற்காலியில் இப்போது அவரே.

இந்தக் குழு ஊரோடு நிற்பதில்லை. கால்வேக்கு எதிரே கடலில் இருக்கும் அரான் தீவுகளில் கேட்ட கதையிலிருந்து ஜே. எம். சிங் எழுதிய 'த பிளேபாய் ஆஃப் த வெஸ்டர்ன் வேர்ல்ட்', 1907-ல் டப்ளினின் ஆபி தியேட்டரில் கலவரத்தையே கிளப்பியது. 1982-ல் ட்ரூயிட் அதை அந்தத் தீவுகளில் ஒன்றான இனிஷ் மானுக்கே கொண்டுபோய் ஆடிக் காட்டியது. கதை பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டது!

ஜூலையில் கால்வே போனால் கலைவிழா, ஊரே மேடை. 1986-ல் பிறந்த மக்னாஸ் குழுவின் ராட்சதப் பொம்மைகள் தெருவில் வரும் நாள் அமைந்தால், அது உங்கள் அதிர்ஷ்டம்.

அயர்லாந்து போகிறவர்கள் டப்ளினோடு திரும்பிவிடாதீர்கள். அங்கிருந்து கால்வேக்கு ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம்தான். டிக்கெட்டை மட்டும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள், குட்டித் தியேட்டர்!