மீசையே கயிறாக

உட்துறைமுகத்தை ஒட்டிய பழைய வீடுகளில் கரப்பொத்தானுக்குப் பஞ்சம் வந்ததில்லை. கப்பலேறி உலகம் சுற்றிய இனம் அது. பெயர் அமெரிக்கக் கரப்பான், பூர்வீகமோ ஆப்பிரிக்கா. திருகோணமலைபோல் ஒரு துறை கிடைத்தால் இறங்காமல் போகுமா? அம்மம்மாவின் குசினியில், விறகடுக்குக்குப் பின்னால் அதன் குடித்தனம்.

அங்கேதான் அந்தக் குளவியைப் பார்த்தேன். மயில்கழுத்துப் பச்சை, தொடையில் மட்டும் குங்குமச் சிவப்பு. தன்னைவிடப் பருத்த கரப்பானின் மீசையைக் கவ்விக்கொண்டு பின்புறமாகவே நடந்தது. கரப்பானும் மூக்கணாங்கயிறு பூட்டிய மாடுபோல, தன் காலாலேயே நடந்து கூடப் போயிற்று. செத்த பூச்சியை எறும்பு இழுப்பதைப் பார்த்திருக்கிறேன். இது வேறு.

பெண் குளவி முதலில் நெஞ்சில் கொட்டும். முன்னங்கால்கள் இரண்டு மூன்று நிமிடம் மரத்துப்போகும். அந்த அவகாசம் அடுத்த கொட்டுக்காக. அது கழுத்து வழியே மூளைக்கு. கொடுக்கின் நுனிக்குத் தொடுவுணர்வு உண்டு. இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழகத்தில் ஃபிரெடெரிக் லிபர்சாட்டின் குழு, மூளை நீக்கிய கரப்பானைக் கொடுத்துப் பார்த்தது. குளவி கொடுக்கை உள்ளே விட்டபடி நெடுநேரம் துழாவிக்கொண்டே இருந்தது!

கொட்டுப்பட்ட கரப்பான் அரைமணி நேரம்போலத் தன்னைத் துடைத்துச் சுத்தம் செய்யும். பொந்து பார்க்கப் போன குளவி திரும்பிவந்து, மீசைகளைப் பாதியில் கடித்து, கசிவதைக் குடிக்கும். அதன்பிறகே ஊர்வலம். கரப்பானுக்கு நிற்க முடியும், நடக்க முடியும், மல்லாத்திப் போட்டால் புரண்டு எழவும் முடியும். தானாகப் புறப்பட மட்டும் தோன்றாது. கோணேசர் மலையடியில் வளர்ந்தும், சிவனின் ஐந்தொழிலில் மறைத்தல் என்பது எனக்கு விளங்காமலே இருந்தது. படைப்பும் காப்பும் அழிப்பும் கண்ணுக்குத் தெரிபவை. கால் இருக்க, பலம் இருக்க, ஓடவேண்டும் என்ற நினைப்பு மட்டும் திரைபோட்டு மூடப்பட்ட அந்தக் கரப்பானைப் பார்த்தபின் கொஞ்சம் விளங்கியது.

பொந்துக்குள் அதன் நடுக்காலின் அடியில் ஒரேயொரு முட்டை. வாசலுக்குக் கல்லும் குப்பையும் வைத்து அடைப்பு. மூன்று நாளில் பொரிக்கும் புழு சிலநாள் வெளியிலிருந்து உறிஞ்சும், பிறகு துளைத்து உள்ளே போய்விடும். கரப்பானின் உடல் கிருமிகளின் சந்தை. அதனால் புழு வாயிலிருந்தே கிருமிநாசினியைச் சுரந்து உள்ளே பூசிக்கொள்கிறது என்று 2013-ல் ஜெர்மனிய ஆய்வாளர்கள் கண்டார்கள். அம்மம்மா மஞ்சள்தண்ணீர் தெளிப்பதைவிட நேர்த்தி. ஏறக்குறைய ஆறு வாரத்தில் புதுக்குளவி வெளியே வரும்.

கொட்டக் கொட்டப் புழுவே குளவியாகும் என்று பெரியவர்கள் சொல்லி, குருவின் அருளுக்கு அதை உவமையாக்கினார்கள். புழு உள்ளே போனதையும் குளவி வெளியே வந்ததையும் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். நடுவில் நடந்த சாப்பாடுதான் தெரியவில்லை. புழுக்களை உயிரோடு தின்னும் குளவிகளைக் கருணையுள்ள கடவுள் வேண்டுமென்றே படைத்திருப்பாரா என்று டார்வின் 1860-ல் நண்பர் ஆசா கிரேக்கு எழுதிய கடிதத்தில் தவித்தார். சுடலைப்பொடி பூசியவனைக் கும்பிடும் எங்களுக்கு அந்தத் தவிப்பு சற்றுக் குறைவு. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது: முட்டை வைக்காமல் விட்டால் அந்த நஞ்சு ஒரு வாரமளவில் தெளிந்துவிடும், கரப்பான் பழையபடி ஓடும்.

தும்புத்தடியோடு வந்த அம்மம்மா அந்த ஊர்வலத்தைக் குனிந்து பார்த்தார். "விடடா, அது தன்ர பாட்டில போகட்டும்" என்று ஒதுங்கி வழிவிட்டார்.