சனி விட்டு விலகிய ஊர்

கும்பகோணத்தில் எந்த விடுதியில் தங்கினாலும் விடியற்காலையில் வாசலில் ஒரு வேன் நின்றுகொண்டிருக்கும். ஒரே நாளில் ஒன்பது கோயில். ஓட்டுநருக்கு வழி மனப்பாடம். முதலில் மேற்கே, திருவையாற்றுப் பக்கம் திங்களூர். திரும்பி வந்து ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர். அப்புறம் வடகிழக்கே வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம். பொழுது சாயும் நேரத்துக்குத் திருநள்ளாறு. 2024 முதல் அரசுப் போக்குவரத்துக் கழகமும் இந்தச் சுற்றுக்குப் பேருந்து விடுகிறது. ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்ற கிழமை வரிசையை இதில் தேடாதீர்கள். இது டீசல் வரிசை.

வேன் கிளம்ப இன்னும் நேரமிருக்கிறது. ஒரு டீ சொல்லிவிட்டு, நாம் எங்கே போகிறோம் என்று பேசிக்கொள்ளலாம். கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: ‘நவக்கிரகக் கோயிலுக்கு.’ ஒன்பது கிரகங்களுக்கும் ஆளுக்கொரு கோயில், அந்தக் காலத்து ராஜாக்கள் கணக்குப் பார்த்துக் கட்டிவைத்தார்கள் என்பதுதான் மனதில் இருக்கும் படம். படித்தவர், படிக்காதவர், வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்ற வித்தியாசமெல்லாம் இதில் கிடையாது.

திருநள்ளாற்றில் இறங்கியதும் அந்தப் படத்தைச் சோதித்துப் பார்த்துவிடலாம். ராஜகோபுரத்தைத் தாண்டி உள்ளே போனால் கருவறையில் இருப்பவர் தர்ப்பாரண்யேஸ்வரர். தர்ப்பைக் காட்டில் இருந்த சிவன். கொடிமரம், நந்தி, பலிபீடம் எல்லாம் அவருக்கு. சனீஸ்வரனுக்குத் தனிச் சந்நிதி உண்டு, கூட்டமெல்லாம் அங்கேதான். ஆனால் கோயில் அவருடையதல்ல. மற்ற ஊர்களிலும் இப்படித்தான். திங்களூரில் மூலவர் கைலாசநாதர், வைத்தீஸ்வரன்கோயிலில் வைத்தியநாதர், திருவெண்காட்டில் சுவேதாரண்யேஸ்வரர், ஆலங்குடியில் ஆபத்சகாயேஸ்வரர், கஞ்சனூரில் அக்னீஸ்வரர், திருநாகேஸ்வரத்திலும் கீழப்பெரும்பள்ளத்திலும் நாகநாதர். ஒன்பதில் எட்டு, சிவன் கோயில்கள். அந்த எட்டில் ஆறு தேவாரப் பாடல் பெற்றவை.

அப்படியானால் கிரகத்துக்கு அங்கே என்ன வேலை? ஒவ்வொரு ஊரின் தலபுராணமும் இதற்குச் சொல்லும் பதில் கிட்டத்தட்ட ஒன்றுதான்: அவரும் கும்பிட வந்தவர். செவ்வாய்க்குத் தொழுநோய் கண்டது. வைத்தீஸ்வரன்கோயில் சித்தாமிர்தக் குளத்தில் முழுகி வைத்தியநாதரை வணங்கிக் குணமானார். சந்திரன் தேய்ந்துபோகும் சாபத்தோடு திங்களூருக்கு வந்தார். ஏறக்குறைய நம்மைப் போலவேதான், ஒரு கஷ்டம் வந்து, யாரோ சொல்லி, இந்த ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

சனியின் கதை இன்னும் ஒரு படி மேல். நளனைச் சனி பிடித்தது, நாட்டை இழந்தான், மனைவியைக் காட்டில் விட்டுப் பிரிந்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தலபுராணத்தின்படி அவன் கடைசியில் திருநள்ளாறு வந்து தீர்த்தத்தில் நீராடிச் சிவனைக் கும்பிட உள்ளே நுழைகிறான். அவனைத் தொடர்ந்து உள்ளே வர அஞ்சிய சனி, வாசல் பக்கமே நின்றுவிடுகிறார். நளனுக்குப் பிடி விட்டது. அதாவது திருநள்ளாறு, சனி ஆட்சி செய்யும் ஊரல்ல. சனியின் அதிகாரம் முடிந்துபோன ஊர். அங்கே போகும்போது நடுங்கிக்கொண்டே போகிறோமே, கதை சொல்வது அதற்கு நேர் எதிரானது. எனக்கு இந்தச் சுற்றிலேயே ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான்.

இது நாம் புதிதாகக் கண்டுபிடித்த வியாக்கியானம் இல்லை. காவிரிக் கரைச் சைவத்தின் பழைய நிலைப்பாடு. 7ஆம் நூற்றாண்டில் பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியின் அழைப்பை ஏற்றுத் திருஞானசம்பந்தர் மதுரைக்குக் கிளம்புகிறார். நாளும் கோளும் சரியாக இல்லை, இப்போது போக வேண்டாம் என்று திருநாவுக்கரசர் தடுக்கிறார். இது நடந்த இடம் திருமறைக்காடு, இன்றைய வேதாரண்யம். நம் டெல்டாவின் தெற்குக் கோடி. அப்போது சம்பந்தர் பாடியதுதான் கோளறு பதிகம். ஏழு கிழமைக் கோள்களையும் இரண்டு பாம்புகளையும் பேர் சொல்லி வரிசைப்படுத்தி, சிவனடியாருக்கு இவை எல்லாமே நல்லவைதான் என்கிறது. ஆக, ஒன்பது கோள்களை அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் அவற்றுக்கு இரண்டாவது இடம் கொடுத்தார்கள். அதே சம்பந்தர் திருநள்ளாற்றில் பாடியது பச்சைப் பதிகம்; மதுரை அனல்வாதத்தில் நெருப்பிலிட்ட அந்த ஏடு வேகவில்லை என்கிறது பெரியபுராணம். சைவர்களிடையே திருநள்ளாற்றின் பழைய பெருமை அந்த வேகாத ஏட்டால் வந்தது.

கல்லிலும் இதைப் பார்க்கலாம். வழக்கமாகச் சிவன் கோயில் நவக்கிரக மேடையில் சூரியன் நடுவில் நிற்பார். மற்ற எட்டுப் பேரும் சுற்றி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஆளுக்கொரு திசையில் நிற்பார்கள். வைத்தீஸ்வரன்கோயிலில் அப்படி இல்லை. ஒன்பது பேரும் ஒரே வரிசை. திருவாரூர் தியாகராஜர் கோயிலிலும் அப்படித்தான். இறைவன் முன்னால் கிரகங்கள் கைகட்டி நிற்பதாக ஊரார் விளக்கம் சொல்வார்கள்.

ஆனால் ஒரு கோயில் மட்டும் விதிவிலக்கு. ஆடுதுறைக்குப் பக்கத்திலுள்ள சூரியனார்கோயிலில் மூலவரே சூரியன்தான். உஷாவும் சாயாவும் உடன் இருக்க, மற்ற எட்டுக் கிரகங்களும் தனித்தனிச் சந்நிதியில் சுற்றிலும் இருக்கிறார்கள். முதல் குலோத்துங்க சோழன் காலத்துக் கோயில். குலோத்துங்கசோழ மார்த்தாண்டாலயம் என்பது கல்வெட்டுப் பெயர். தமிழ்நாட்டில் சூரியனுக்குத் தனிக்கோயில் அபூர்வம். கன்னோசியை ஆண்ட ககடவால அரசர்கள் சூரிய வழிபாட்டில் ஈடுபாடு உள்ளவர்கள். அவர்களுக்கும் குலோத்துங்கனுக்கும் உறவிருந்ததைக் கங்கைகொண்ட சோழபுரத்துக் கல்வெட்டு ஒன்று காட்டுகிறது. அந்தத் தொடர்பில் எழுந்த கோயிலாக இருக்கலாம் என்பது வரலாற்று ஆய்வாளர்களின் ஊகம். அங்கேயும் காசி விசுவநாதருக்கும் விசாலாட்சிக்கும் இடம் வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஆலங்குடியில் கதை வேறு மாதிரிக் குழம்பியிருக்கிறது. இதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். வியாழக்கிழமை மஞ்சள் துணியும் கொண்டைக்கடலை மாலையுமாகக் கூட்டம் அலைமோதுவது தட்சிணாமூர்த்தி முன்னால். இவர் எல்லாச் சிவன் கோயிலிலும் கருவறையின் தெற்குச் சுவரில் கல்லால மரத்தடியில் அமர்ந்திருப்பவர். சனகாதி முனிவர்களுக்கு மௌனத்தில் உபதேசித்த சிவன். வியாழக் கிரகத்துக்கு அதிபதி பிரகஸ்பதி. அவர் தேவர்களுக்கு வாத்தியார், நவக்கிரக மேடையில் நிற்பவர். இருவருக்கும் குரு என்று பட்டம் இருப்பதால் ஒருவருக்குப் போகவேண்டிய கடலை மாலை இன்னொருவர் கழுத்தில் விழுகிறது. ‘கிரகத்துக்கு உள்ள பரிகாரத்தைப் பரமசிவனுக்குச் செய்கிறீர்களே’ என்று ஆகமம் தெரிந்த பெரியவர்கள் சொல்லிப் பார்த்துச் சலித்துவிட்டார்கள். பிரகஸ்பதியையே தனிச் சந்நிதியில் பார்க்க ஆசையென்றால் தஞ்சாவூருக்குப் பக்கத்தில் தென்குடித்திட்டை இருக்கிறது. வசிஷ்டேஸ்வரருக்கும் அம்மனுக்கும் நடுவே நின்ற கோலத்தில் இருக்கிறார். அங்கும் கோயில் சிவனுடையதுதான், சொல்ல வேண்டியதில்லை.

சரி, பெயர்ச்சிக்கு வருவோம். சனிப்பெயர்ச்சி அன்று திருநள்ளாற்றில் எள் போட்டால் எள் விழாது. அன்று பெயர்வது என்ன? கோயிலுக்குள் எதுவும் நகர்வதில்லை. வானத்தில் சூரியன் போகும் பாதையை நம் முன்னோர் 12 சம பங்காகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பங்கும் ஒரு ராசி. முழுச் சுற்று 360 பாகை, ஆக ஒரு ராசிக்கு 30 பாகை. சனி ஒரு ராசியின் எல்லையைத் தாண்டி அடுத்ததில் நுழைகிறார் என்று பஞ்சாங்கம் சொல்லும் நேரத்துக்குத்தான் திருநள்ளாற்றில் தீபாராதனை.

சனிப்பெயர்ச்சி ஏன் இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை, குருப்பெயர்ச்சி ஏன் ஆண்டுதோறும்? நம் கோயிலையே எடுத்துக்கொள்ளலாம். உள்பிரகாரத்தைச் சுற்ற ஆகும் நேரத்தைவிடத் தேரோடும் நான்கு வீதியையும் சுற்றிவர எவ்வளவோ அதிக நேரம் பிடிக்கும். சூரியனைச் சுற்றும் கோள்களில் வெறுங்கண்ணுக்குத் தெரியும் கடைசி வீதி சனியுடையது. வீதியும் நீளம், நடையும் மெது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 29½ ஆண்டு. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் ராசிக்கு இரண்டரை ஆண்டு வந்துவிடும். வியாழனுக்கு ஒரு சுற்று 12 ஆண்டுக்குச் சற்றுக் குறைவு, ராசிக்கு ஓராண்டு. கும்பகோணத்து மகாமகம் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருவதும் இதே வியாழன் சிம்ம ராசிக்குத் திரும்பி வருவதை வைத்துத்தான். கடைசியாக நடந்தது 2016 பிப்ரவரியில்.

ராகுவும் கேதுவும் கோள்களே அல்ல. சந்திரன் போகும் பாதை சூரியன் பாதையை இரண்டு இடத்தில் வெட்டுகிறது. அந்த வெட்டும் புள்ளிகள்தான் இவர்கள். அமாவாசையோ பௌர்ணமியோ அந்தப் புள்ளிகளின் அருகில் நிகழ்ந்தால் கிரகணம். பாம்பு விழுங்குகிறது என்று சொன்னவர்களுக்குக் கணக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. இந்தப் புள்ளிகள் பின்னோக்கி நகர்ந்து ஒரு சுற்று முடிக்க 18½ ஆண்டுக்குச் சற்று மேல் ஆகிறது. ராசிக்கு ஒன்றரை ஆண்டு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சனி கும்ப ராசிக்குப் போனது 2023 ஜனவரி 17. திருநள்ளாற்றில் பெயர்ச்சி விழா நடந்ததோ அதே ஆண்டு டிசம்பர் 20. பதினோரு மாதம் வித்தியாசம்! திருநள்ளாறு வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுகிறது. அது மனப்பாடத்துக்கு வசதியாகப் பழைய வாக்கியங்களில் அடக்கிவைத்த கணக்கு. திருக்கணிதம், வானத்தில் கண்டதை வைத்து அவ்வப்போது திருத்திக்கொள்வது. சனி சராசரியாக மாதத்துக்கு ஒரு பாகைதான் நகர்கிறார். அதனால் கணக்கில் சில பாகை பிசகினாலே தேதி மாதக்கணக்கில் தள்ளிப்போகும். வேகமாக ஓடும் சந்திரனிடம் அதே பிசகு சில மணி நேரத்தில் அடங்கிவிடும்.

திருநள்ளாற்றுக்கு மேலே வரும் செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி ஸ்தம்பித்து நின்றுவிடுகின்றன, நாசாவே வியந்தது என்று ஒரு வாட்ஸப் செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். செயற்கைக்கோள் வானத்தில் விழாமல் இருப்பதே அது ஓடிக்கொண்டிருப்பதால்தான். ஓட்டம் நின்றால் கீழே விழ வேண்டியதுதான். ஒரே இடத்துக்கு மேல் நிற்பதுபோல் தெரியும் செயற்கைக்கோள்கள் உண்டு. அவை 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமத்திய ரேகைக்கு நேர் மேலே மட்டுமே அப்படித் தெரிய முடியும். திருநள்ளாறு அதற்கு வடக்கே ஏறக்குறைய 11 பாகை தள்ளி இருக்கிறது. நளன் கதை போதாதென்று இந்தக் கதை எதற்கு என்று தெரியவில்லை.

ஒன்பதையும் ஒரே நாளில் பார்ப்பது மோட்டார் வண்டி தந்த வசதி. கும்பகோணத்திலிருந்து திங்களூர் மேற்கே முப்பது கிலோமீட்டருக்கு மேல், திருநள்ளாறு கிழக்கே ஏறத்தாழ ஐம்பது. மாட்டுவண்டிக் காலத்தில் இதற்குக் குறைந்தது ஒரு வாரம் வேண்டும். இன்றைய வேகத்தில் நாம் தவறவிடுவதும் நிறைய. திங்களூர், திருநாவுக்கரசரை நேரில் காணும் முன்பே தன் பிள்ளைகளுக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் அவர் பெயரை வைத்த அப்பூதியடிகளின் ஊர். திருவெண்காட்டில் புதனுக்கு விளக்குப் போட்டுவிட்டு ஓடுகிறோம். அகோரமூர்த்தியை நின்று பார்ப்பவர் குறைவு. சோழர் செப்புத்திருமேனிகளில் தலைசிறந்ததென்று பலர் சொல்லும் ரிஷபவாகன தேவர் இந்த ஊர் மண்ணிலிருந்து கிடைத்தவர். காளை காணாமல் போய்விட்டது. அதன்மேல் சாய்ந்த கை மட்டும் அந்தரத்தில் அப்படியே நிற்கிறது. அவரைப் பார்க்கத் தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போக வேண்டும்.

டீ முடிந்தது. ஏறும் முன் ஓட்டுநரிடம் ஒன்று சொல்லிவையுங்கள். சூரியனார்கோயிலுக்கு முன்னால் திருமங்கலக்குடியில் நிறுத்தச் சொல்லுங்கள், ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான். காலவ முனிவருக்கு வர இருந்த தொழுநோயைத் தடுக்கப்போய் நவக்கிரகங்கள் தாங்களே அந்த நோய்ச் சாபத்தைப் பெற்று, அங்கே பிராணநாதேஸ்வரரை வணங்கி வெள்ளெருக்கு இலையில் தயிர்சாதம் உண்டு மீண்டதாகக் கதை. அதனால் முதலில் திருமங்கலக்குடி, அப்புறம்தான் சூரியனார்கோயில் என்பது வழக்கம். பெரும்பாலான வேன்கள் நேரமில்லை என்று நேரே போய்விடும். நடுப்பகலில் நடை சாத்திவிட்டால் திறக்கச் சாயங்காலம் நான்காகும். அதனால் ஆலங்குடியில் கொஞ்சம் சீக்கிரம் கிளம்பினால் நல்லது.