யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை

பிணி தீர்த்தற்கு நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து உதவுவோன் என்னும் நான்கும் வேண்டுமெனத் திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் வகுத்துரைத்தார். போதனா வைத்தியசாலையோ ஐந்தாவதாக மாணவனையும் சேர்த்துக்கொள்கின்றது. எம்மவர் 'பெரியாஸ்பத்திரி' என வழங்கும் யாழ்ப்பாண வைத்தியசாலை அம்மாணவனைப் பெற்ற வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

வடமாகாண அரசாங்க அதிபராய் விளங்கிய பேர்சிவல் அக்லண்ட் டைக் அவர்களின் முயற்சியால் இது 1850 ஆம் ஆண்டிலே தோன்றிற்று. 'பிறென்ட்-இன்-நீட் சொசைற்றி' வைத்தியசாலை என்பது அதன் அந்நாட் பெயர். இடுக்கணில் உதவும் நண்பர் சங்கம் என்பது அதன் பொருள். தருமத்தால் எழுந்த இதனை 1907 இல் அரசாங்கம் பொறுப்பேற்க, இது 'சிவில் ஆஸ்பத்திரி' ஆயிற்று.

மேலைநாட்டு வைத்தியக் கல்வி யாழ்ப்பாணத்திற்கு அதற்கு முன்னரே வந்துவிட்டது. 1847 இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மாணவரைப் பயிற்றினார். பின்னர்த் தமிழ்மொழியிலேயே பாடஞ் சொன்னார். 'இரண வைத்தியம்', 'கெமிஸ்தம்' முதலிய நூல்கள் அம்முயற்சியின் பயனே. அவர் 1873 இல் தாயகம் மீண்டார். ஒரு நூற்றாண்டு கழிந்து, 1978 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் தொடங்கிய பின்னரே பெரியாஸ்பத்திரி போதனா வைத்தியசாலையாயிற்று.

போதனை என்பது யாது? நிபுணர் விடுதிகளைச் சுற்றி வருங்கால் மாணவரும் உடன் வருவர். நோயாளியின் வாய்மொழியைக் கேட்பர். அவர் இசைவுடன் உடலைச் சோதிப்பர். நிபுணரின் வினாக்களுக்கு விடையிறுப்பர். அவர்தம் பயிற்றுமொழி ஆங்கிலம். நோயாளி சொல்வதோ 'நாரி நோகுது', 'தலையிடிக்குது' என்பதே. இரண்டையும் இணைக்கவல்லவனே நல்ல வைத்தியனாவான். 'மாணவர் என்னைத் தொடலாகாது' என மறுக்க நோயாளிக்கு உரிமையுண்டு. ஆயினும், இன்று கைதேர்ந்து நிற்கும் ஒவ்வொரு வைத்தியரும் முன்னொரு நோயாளியின் பொறுமையாற் கற்றவரே என்பதை நாம் மறத்தலாகாது.

இங்ஙனம் வளர்ந்த நிலையம் பேரிடர்களையுங் கண்டது. 1987 ஒக்டோபர் 21 ஆம் நாள், இந்திய அமைதி காக்கும் படையினர் வைத்தியசாலையினுட் புகுந்து நிகழ்த்திய சூட்டில் வைத்தியர், தாதியர், ஊழியர், நோயாளர் எனப் பலர் உயிரிழந்தனர். நோயாளரைக் கைவிடாது கடமையில் நின்றமையே அவ்வைத்தியரும் தாதியரும் செய்த குற்றம். 1995 இன் பேரிடப்பெயர்வும் இதனைக் குலைத்தது. எனினும் பணி மீண்டும் தழைத்தது, கற்பித்தலும் தொடர்ந்தது.

இன்று வடமாகாணத்தின் பல பாகங்களிலிருந்தும் கடும் பிணியாளர் இங்கு அனுப்பப்படுகின்றனர். சத்திரசிகிச்சை, மகப்பேறு, குழந்தை வைத்தியம், கண் வைத்தியம் முதலியன கட்டணமின்றி நடைபெறுகின்றன. சிறு தடிமனுக்கும் காய்ச்சலுக்கும் அயலிலுள்ள வைத்தியசாலையை நாடுவோமாயின், உயிருக்குப் போராடுவோர்க்கு இங்கே இடமும் நேரமுங் கிடைக்கும். இரத்த வங்கிக்குக் குருதி ஈதலும் நம்மாலியன்றதே.

நண்பர் சங்கமாகத் தொடங்கிய நிலையத்திற்கு நண்பராயிருத்தல் பழைய மாணவராகிய நமக்குத் தக்க கடனன்றோ?