உடலும் உள்ளமும்: அபூ ஸைத் அல்-பல்கீ காட்டிய வழி

உடல், உள்ளம், ஆன்மா மூன்றையும் ஒருசேரக் கருதி மனத்துன்பத்திற்கு மருத்துவம் செய்யும் முறை, மேலைநாடுகளில் இருபதாம் நூற்றாண்டில் உருவாயிற்று. ஃப்ராய்டின் மாணவரான வில்ஹெல்ம் ரைஷ், அடக்கப்பட்ட அச்சமும் கோபமும் தசைகளில் இறுக்கமாகத் தங்கிவிடுகின்றன என்று 1930களில் எடுத்துரைத்தார். அவருடைய பிற்காலக் கோட்பாடுகள் பலவற்றை அறிவியலுலகம் ஏற்கவில்லை. எனினும், உடலையும் உள்ளத்தையும் பிரித்து மருத்துவம் செய்யலாகாது என்னும் கருத்து வலுப்பெற்றது. ஆயிரமாண்டுகளுக்கு முன்பே இக்கருத்தை விரிவாக ஆராய்ந்த முஸ்லிம் அறிஞர் ஒருவரை நம்மில் பலர் அறியோம்.

அவர் அபூ ஸைத் அல்-பல்கீ (ரஹ்). இன்றைய ஆப்கானிஸ்தானிலுள்ள பல்க் நகருக்கு அருகே பிறந்து, பக்தாதில் கல்வி பயின்று, ஹிஜ்ரி 322இல் (கி.பி. 934) மறைந்தவர். புவியியல் அறிஞராகவே பெரிதும் அறியப்பட்ட இவர், 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் நூலை யாத்தார். 'உடல்களுக்கும் உள்ளங்களுக்கும் நலம் பயப்பவை' என்பது அதன் பொருள். நீர், உணவு, உறக்கம், உடற்பயிற்சி முதலியவற்றை விளக்கும் முதற்பகுதியில் 14 இயல்களும், உள்ளநலம் பற்றிய இரண்டாம் பகுதியில் 8 இயல்களும் உள்ளன. சூடான் நாட்டு உளவியலாளர் மாலிக் பத்ரி இரண்டாம் பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து 2013இல் வெளியிட்டார்.

மனிதன் உடலும் உள்ளமும் பின்னிப்பிணைந்த படைப்பு. உடல் நோயுற்றால் சிந்தனை தடுமாறும், உள்ளம் துயருற்றால் உடல் இன்பங்களை இழக்கும் என்பது இமாமவர்களின் அடிப்படை. மருத்துவர்கள் உடலை மட்டுமே கவனிக்கின்றனர் என்றும் அவர் குறைப்பட்டார்.

துயரத்தை அவர் இருவகையாகப் பிரித்தது குறிப்பிடத்தக்கது. அன்புக்குரியவரை இழத்தல் போன்ற அறியப்பட்ட காரணத்தால் வருவது ஒன்று. காரணம் ஏதும் புலப்படாமல் கவிந்து, செயலூக்கத்தையே முடக்குவது மற்றொன்று. முன்னதற்கு அறிவுரையும் நற்சிந்தனையும் மருந்து. பின்னதன் வேர் உடலில் இருப்பதால் அதற்கு உடல்வழிச் சிகிச்சை தேவை என்றார். இரத்தத்தின் மாசே காரணம் என அவர் கூறியதை இன்றைய மருத்துவம் ஏற்காது. ஆயினும் அவ்வேறுபாட்டை அவர் உணர்ந்தது வியப்புக்குரியது. அவசரத்திற்கு மருந்தைச் சேமித்து வைப்பதுபோல், மனம் அமைதியாயிருக்கும்போதே நல்லெண்ணங்களைச் சேமித்து வைக்க வேண்டும் என்பதும் அவர் போதனை.

இந்நோக்கு சுன்னாவுக்கு அந்நியமானதன்று. கோபம் கொண்டவர் நின்றிருந்தால் அமரவும், அப்போதும் தணியாவிடில் படுத்துக்கொள்ளவும் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். உடலின் நிலை மாறினால் உள்ளத்தின் கொதிப்பு அடங்கும் என்பதே இதன் உட்பொருள். துயருற்றோரின் நெஞ்சுக்கு 'தல்பீனா' என்னும் வாற்கோதுமைக் கஞ்சி ஆறுதலளிக்கும் என்பதை அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள்.

நம் சமுதாயத்திலோ, மனச்சோர்வுற்றவரை ஈமான் குறைந்தவர் எனப் பழிப்போரும், எல்லாவற்றையும் ஜின்னின் தீண்டல் எனக் கருதி மருத்துவரிடம் செல்வதைத் தடுப்போரும் உள்ளனர். இதனால் நோயுற்றவர் நோயோடு குற்றவுணர்வையும் சேர்த்துச் சுமக்கின்றார். துஆவும் திக்ரும் நம் உயிர்நாடி. ஆனால் அவை மருத்துவத்திற்கு மாற்றல்ல, துணை. ஒவ்வொரு நோய்க்கும் மருந்துண்டு என்னும் நபிமொழியில் உள்ளத்தின் நோய் விலக்கப்படவில்லை. இதனை உணர்ந்து, துன்புறுவோரைத் தாங்கிக்கொள்ளும் நல்லறிவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.